ரெஃபரிக்குக் கட்அவுட் வைத்தவர்

உலகத்திலேயே ஒரு ரெஃபரிக்குக் கட்அவுட் வைத்த ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டு நடுசென்டர்தான். ‘ஒரே மனிதர்’ என்று எழுதிய பிறகு, பிரேசிலில் யாராவது வைத்திருந்தால் என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இருக்காது. அங்கே பந்தைப் பார்ப்பதற்கே ஆட்களுக்கு நேரம் போதாது.

இப்போது நாகர்கோவிலில் இருக்கிறோம். அதற்கு முன் சில வருடங்கள், மார்த்தாண்டத்திலிருந்து திற்பரப்புக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். என் கணவருக்கு மார்த்தாண்டத்தில் வங்கி வேலை. நான் பூதப்பாண்டிப் பக்கம் வயல்காட்டு ஊரில், பந்து என்றால் பூப்பந்து என்று நினைத்து வளர்ந்தவள். மகள் அனுவுக்கு அப்போது ஐந்து வயது. றோசம்மா அக்கா வீட்டு மாடியில் வாடகை. தெருவின் கிழக்குக் கோடியில் அம்மன் கோவில், மேற்குக் கோடியில் சர்ச், இரண்டுக்கும் சரிபாதியில் நடுசென்டர் வீடு. வீடு அங்கே இருப்பதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். எனக்கென்னவோ அவர்தான் பெயருக்கேற்ற இடம் தேடி வீடு கட்டியிருப்பார் என்று தோன்றும்.

அவருடைய அண்ணன் சர்ச்சுக்குப் போகிறவர். தம்பி வைகுண்டரைக் கும்பிடுகிற அய்யாவழி. அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. இவர் நடுப்பிள்ளை. “அண்ணன், நீங்க எந்தக் கோவிலுக்குப் போவிய?” என்று வந்த புதிதில் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

“சாமி உண்டு தங்கச்சி. அவருக்கு டீம்தான் கிடையாது,” என்றார்.

வேலை, அரசு பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் ஊதுகிற அதே விசிலைத்தான் மைதானத்திலும் ஊதுவார். மைதானம் சாலையோரம். ஒருமுறை ஃபவுலுக்கு ஒரு ஊதல் ஊதி, ஃப்ரீ கிக் எடுக்கச் சொல்லி இரண்டு ஊதல் ஊதினார். சாலையில் போய்க்கொண்டிருந்த பஸ் முதல் ஊதலுக்கு நின்றது, அடுத்த இரண்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது. எங்கள் தெருக் கல்யாணத்துக்கு வந்து, பாதி பேர் இறங்கியும் பாதி பேர் இறங்காமலும் நின்ற மாப்பிள்ளை வீட்டாரில் மிச்சப் பாதி திற்பரப்பு அருவிக்குப் போய் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அந்தப் பாதியில்தான். அவர் திரும்பி வரும் வரை தாலி காத்திருந்தது.

நடுநிலை என்பது அவருக்கு ஒரு வியாதி. கிறிஸ்துமஸுக்கு மேற்கிலிருந்து கேக் வந்தால், கார்த்திகைக்குக் கிழக்கிலிருந்து வந்த கொழுக்கட்டை அதற்குச் சமமாக இருந்ததா என்று மனைவியிடம் விசாரிப்பார். குறைந்திருந்தால் கேக்கில் ஒரு துண்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். மனைவி சரோஜம் அக்கா என்னிடம் புலம்புவார்.

“இந்த மனுசன்கிட்ட சட்டினியா சாம்பாரான்னு கேக்க முடியாது பிள்ளே. ரெண்டையும் தொட்டுக்கிட்டு, ரெண்டும் நல்லாருக்குன்னு எந்திரிச்சிருவாரு. கெட்டி வந்த நாளு முதல் எனக்க சட்டினி ஒரு நாளு கூட ஜெயிச்சதில்ல.”

உலகக்கோப்பை வந்தால் எங்கள் தெரு, தெருவாக இருக்காது. பிரேசில், அர்ஜென்டினா என்று இரண்டாகிவிடும். தென்னை மரங்களுக்கே கொடி கட்டுவார்கள். இதில் விசேஷம், அந்தப் பிரிவுக்கும் சாமிக்கும் சம்பந்தமே கிடையாது. பலசரக்குக் கடை நாராயணன் மாமா கோவில் பக்கத்துக் கிளப்புக்குத் தலைவர். தேவதாசன் அண்ணாச்சி சர்ச்சைத் திறந்து மணியடிக்கிற கோயில்பிள்ளை. அவர் மேற்குக் கிளப்புக்குத் தலைவர். இருவரும் பிரேசில். அந்த மாதம் முழுக்க ஒரே பெஞ்சில் இருந்து ஒரே பொட்டலத்தில் கடலை தின்பார்கள். நாராயணன் மாமாவின் சொந்தத் தம்பி அர்ஜென்டினா. அண்ணன் தம்பிக்குள் அந்த மாதம் பேச்சு கிடையாது.

“நீரு யாருக்க ஆளுவே?” என்று இரண்டு கட்சியும் நடுசென்டரைப் பிடித்துக்கொண்டன.

“ரெஃபரிக்க ஆளு,” என்றார்.

சும்மா சொல்கிறார் என்று நினைத்தார்கள். அவர் நேராக மார்த்தாண்டம் போய், ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டார். கடைக்காரருக்குக் குழப்பம்.

“அண்ணாச்சி, இந்த ஆளுக்க பேரு என்ன? கீழ போடணும்.”

“தெரியாது.”

“பேரு தெரியாத ஆளுக்கா கட்அவுட்டு?”

“பேரு தெரிஞ்சிட்டா அவன் நல்ல ரெஃபரி இல்லவே.”

அப்படியாகத் தெரு நடுவில், பாதித் தென்னை உயரத்துக்கு, கறுப்புச் சட்டை போட்ட ஒரு மனிதர் எழுந்தார். சிரிப்பில்லாத முகம், நேர்ப் பார்வை, அடியில் ஓர் எழுத்துகூட இல்லை. விடிந்ததும் பார்த்த பாதிப் பேருக்கு அது கட்அவுட்டாகத் தெரியவில்லை. யாரோ இறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள். பால் வாங்க வந்த ஒரு அம்மா அண்ணாந்து பார்த்து, “நல்ல வயசுல்லா. எப்ப எடுக்குதாவ?” என்று என்னிடம் கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாததால், “விசாரிச்சுச் சொல்லுகேன்” என்று சொல்லிவிட்டேன்.

மதியத்துக்குள் யாரோ மாலை போட்டார்கள். சாயங்காலம் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதோடு பிரச்சினை வந்தது. நம்ம ஆளுக்கு எவன் மெழுகுவர்த்தி வைத்தான் என்று கிழக்கிலும், நம்ம ஆளுக்கு எவன் மாலை போட்டான் என்று மேற்கிலும் கேட்டார்கள். நாராயணன் மாமாவும் தேவதாசன் அண்ணாச்சியும் சேர்ந்து வந்து நடுசென்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

“செத்தவரு எங்க ஆளா, இவங்க ஆளாவே?”

“யாரும் சாவல்ல,” என்றார் நடுசென்டர். “அவருக்கு நாளைக்கு மேச் உண்டு.”

ஜங்ஷனில் பெரிய திரை வைத்து ஆட்டம் காட்டுவார்கள். ஊரே பந்தைப் பார்க்கும். இவர் மட்டும் ரெஃபரியைப் பார்ப்பார். கோலுக்கு எல்லாரும் கைதட்டினால், இவர் ஆஃப்சைடுக்குக் கைதட்டுவார். ஒரு நாள் ஆட்டம் முடிந்து இரு கட்சியும் அழுதும் ஆடியும் கலைந்தபோது, “என்ன ஒரு ஓட்டம். ஒரு தடவ கூட பந்துக்க குறுக்க வரல்ல பாத்தியளா,” என்று கண்கலங்கி நின்றவர் இவர் ஒருவர்தான்.

உலகக்கோப்பைச் சண்டை உலகக்கோப்பையோடு போய்விடும். எங்கள் தெருவின் சொந்தச் சண்டை ஒன்று உண்டு. பொங்கலுக்கு மறுநாள் கிழக்குக்கும் மேற்குக்கும் மேச். பக்கத்துக்கு ஏழு பேர். கிழக்கில் கோவில் பையன்கள், மேற்கில் சர்ச் பையன்கள். பெயரை வைத்து யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அங்கே எல்லா வீட்டிலும் அஜின், சுபின், விபின், அபின்தான். ஜெர்சி போட்டால்தான் சாமி தெரியும். அன்று நாராயணன் மாமாவும் தேவதாசன் அண்ணாச்சியும் ஒருவர் கடலையை ஒருவர் தொடமாட்டார்கள்.

ரெஃபரியாக ஓர் இந்துவைப் போட்டால் மேற்கு ஒத்துக்கொள்ளாது. கிறிஸ்தவரைப் போட்டால் கிழக்கு ஒத்துக்கொள்ளாது. வெளியூர் ஆளைக் கூட்டிவந்தால் முதலில் அவர் நெற்றியைப் பார்ப்பார்கள், பிறகு கழுத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் நடுசென்டரிடம்தான் வந்து நிற்பார்கள்.

விளையாட்டே தெரியாத எனக்குக்கூட இரண்டாவது வருடத்திலேயே அவர் ஊதும் முறை புரிந்துவிட்டது. கிழக்குக்கு ஒரு பெனால்டி கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் மேற்குக்கும் ஒன்று வந்துவிடும். மேற்கில் ஒருவனுக்கு மஞ்சள் கார்டு காட்டினால், கிழக்கில் யார் பக்கத்தில் நிற்கிறானோ அவனுக்கும் ஒன்று.

“நான் ஒண்ணும் செய்யல்லியே மாமா.”

“உங்க பக்கத்துக்கு ஒண்ணு பாக்கி நிக்கி மக்கா. நீ வச்சுக்க.”

ஒரு பக்கம் ஒரு கோல் கூடுதலாக இருக்கும் வரை ஆட்டம் முடியாது. அவர் கைக்கடிகாரம் அப்படி. ஒரு வருடம் பொழுது சாய்ந்து பந்தே தெரியாமல் போனது. யாரோ யாருடைய வலைக்குள்ளோ எதையோ உதைத்தார்கள். “டிரா,” என்றார் நடுசென்டர். உதைத்தது பந்துதானா என்று இன்றுவரை சந்தேகம் உண்டு. கோப்பை ஆறு மாதம் கோவில் கமிட்டி அலமாரியிலும் ஆறு மாதம் சர்ச் ஹாலிலும் இருக்கும். யாரும் தோற்றதில்லை, யாரும் ஜெயித்ததும் இல்லை. தெரு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி ஒரு மின்கம்பத்தில் முடிந்தது. அந்த வருடம் கோவில் கொடை விழாவும் சர்ச் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்தன. கிழக்கின் தோரணம் வந்து முடிவதும் மேற்கின் தோரணம் தொடங்குவதும் நடுசென்டர் வீட்டு முன்னால் உள்ள கம்பத்தில்தான். ஒரு நாள் காலையில் இரண்டு தோரணங்களும் அறுந்து கிடந்தன. காற்றா, கத்தியா, தெரியாது. கிழக்கு மேற்கைச் சொன்னது. மேற்கு கிழக்கைச் சொன்னது. அன்று மாலை ஒரு ஒலிபெருக்கியில் கல் விழுந்தது. மறுநாள் தெருவில் போலீஸ் ஜீப் நின்றது.

அதன்பிறகு தெருவில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. றோசம்மா அக்காவிடமிருந்து வழக்கமாக வரும் மரச்சீனிக் கிழங்கு வரவில்லை. நான் கிண்டிய உளுந்தங்களியைக் கீழே கொடுக்கலாமா, கொடுத்தால் வேறு மாதிரி நினைப்பார்களோ என்று கிண்ணத்தோடு படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். களி ஆறிப்போனது. அனு மட்டும் எல்லா வீட்டுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தாள். போன இடத்தில் என்ன சொல்லிக் கொடுப்பார்களோ என்று எனக்கு ஒரே வெப்ராளம். ஒருநாள் யாரோ ஒரு பெண் அவளைப் பிடித்து, “மக்களே, நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டாளாம்.

“நாங்க மாடி,” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

போலீஸ் ஸ்டேஷனில் சமாதானக் கூட்டம் நடந்தது. அங்கே இருந்த அதிகாரி, பாவம், அவரும் நடுநிலைக்காரர்தான். “ரெண்டு பக்கமும் தப்பு. ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க,” என்றார். எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அவர் நடுசென்டரைப் பார்த்து, “நீரும் எழுதும்,” என்றார்.

“நான் என்ன சார் செய்தேன்?”

“போஸ்ட்டு உம்ம வீட்டு முன்னாலதானே நிக்குது? உம்மள மட்டும் விட்டா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கும்.”

அன்று அவர் திரும்பி வந்து வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சீருடையைக்கூட மாற்றவில்லை. காயப்போட்ட துணியை எடுக்க வந்த நான், என்ன ஆயிற்று என்று கேட்பதா வேண்டாமா என்று நின்றேன். அவரே பேசினார்.

“தப்பு செய்யாதவன் தலையிலயும் பாதித் தப்பை எழுதுதாவ தங்கச்சி. எழுதிட்டு, நியாயம் முடிஞ்சுன்னு சொல்லுதாவ.” கம்பத்தைப் பார்த்தார். “நானும் இத்தன வருசமா அதைத்தானே ஊதிக்கிட்டிருந்தேன்.”

பொங்கல் நெருங்கியது. இந்த வருடம் மேச் வேண்டாம் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். எனக்கும் அதுவே நல்லது என்று பட்டது. அவர் ஒருவர்தான் வீடு வீடாக ஏறி இறங்கினார். “இந்த வருசம் விட்டா இனி எப்பவும் இல்ல. பந்து உருளாத கிரவுண்டுல கல்லுதான் உருளும்,” என்றார். கடைசியில் நாராயணன் மாமா இறங்கி வந்தார்.

“நடத்தலாம்வே. ஆனா அவங்களுக்கு ஒண்ணு குடுத்தா எங்களுக்கும் ஒண்ணு. வழக்கம் போல. அதுல மாறிச்சுன்னா இந்தக் கிரவுண்டுல இனி உம்ம விசில் கேக்காது.”

தேவதாசன் அண்ணாச்சியும் அதையே சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. நடுசென்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சரோஜம் அக்காதான் மாடிப்படி ஏறி வந்து என்னிடம் புலம்பினார்.

“பஸ்ஸுல ஊதுறது சோத்துக்கு பிள்ளே. இது அவருக்கு பூசை மாதிரி. இந்த விசிலையும் புடுங்கினா அந்த மனுசனுக்கு என்ன உண்டு?”

மேச் அன்று நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அனு அழுதாள். கூட்டத்தில் பிரச்சினை வந்தால் எந்த வழியாக ஓடுவது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, கோல்கம்பத்துக்குப் பக்கவாட்டில் ஓரமாக நின்றேன். போனில் வீடியோ எடுத்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது.

முதல் பாதியிலேயே அது நடந்தது. மேற்கின் அஜின் பந்தோடு கோலுக்கு முன் வந்தபோது, கிழக்கின் உயரமான ஒரு பையன் பந்தை விட்டுவிட்டு அவன் காலையே உதைத்தான். எனக்கே தெரிந்தது. பெனால்டி. கோல். மேற்கில் ஆரவாரம். கிழக்கில் ஒரு சலனமும் இல்லை. நாராயணன் மாமா டீ வாங்கிவரச் சொன்னார்.

“பதறாதீங்க. நம்மளுக்கு உள்ளது வந்துக்கிட்டிருக்கு.”

இரண்டாம் பாதியில் அதை வரவேற்கக் கிழக்குப் பையன்கள் விழத் தொடங்கினார்கள். சுபின்தான் அவர்களில் நல்ல ஆட்டக்காரன். அவன் முதலில் விழுந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் விழுந்தான். காற்றடித்த வாழைத்தோட்டம் மாதிரி வரிசையாகச் சாய்ந்தார்கள். ஒருவன், பந்து மறுகோடியில் இருக்கும்போதே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டான். நடுசென்டர் ஒவ்வொருவரையும் தாண்டி ஓடினார்.

“எந்திரி மக்கா. சட்டையெல்லாம் மண்ணு.”

அடுத்த கோல் அடிக்கிறவருக்கு ஒரு குலை ஏத்தன் வாழைப்பழம் பரிசு என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர், “விழுகிறவர்களுக்குப் பரிசு ஏதும் அறிவிக்கப்படவில்லை,” என்று சேர்த்துக்கொண்டார்.

நாராயணன் மாமாவின் டீ ஆறிவிட்டது. கடைசி நிமிடத்தில் சுபின் கோலுக்கு நேராகப் பாய்ந்து வந்தான். மேற்கின் பையன் ஒருவன் குறுக்கே வந்தான். சுபின் கையை விரித்துக்கொண்டு நடுசென்டரின் காலடியிலேயே போய் விழுந்தான். விசில் அவர் வாயில் இருந்தது. அவர் குனிந்து அவனைப் பார்த்தார்.

“எந்திரி மக்கா,” என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஆட்டத்தை முடித்துவிட்டார். அந்தக் கடிகாரம் அன்றுதான் ஊரில் உள்ள மற்றக் கடிகாரங்கள் காட்டிய நேரத்தைக் காட்டியது.

கிழக்குக் கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது. “அண்ணன் சர்ச்சு ஆளுல்லா, இரத்தம் பேசுது” என்று ஒருவன். “கேக்குக்க ருசி” என்று இன்னொருவன். மேற்கிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். நான் அனுவைத் தூக்கிக்கொண்டு, பார்த்து வைத்த வழியைத் தேடினேன். அங்கேதான் கூட்டம் அதிகமாக இருந்தது. அப்போது யாரோ கத்தினார்கள்.

“மாடி வீட்டுப் பிள்ளை வீடியோ எடுத்தாவ. அதுல தெரியும்.”

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அது ஃபவுலாக இருந்தால் நடுசென்டரின் கதி என்ன? இல்லையென்றால் கிழக்கில் என் முகத்தில் யார் விழிப்பார்கள்? காட்டாமல் இருந்தால் இரண்டு பக்கமும் என்ன நினைக்கும்? அழித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நாராயணன் மாமா கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

வீடியோ ஓடியது. முழுக்க அனு. அனு கடலை தின்கிறாள். அனுவின் ஒரு காது. அனுவின் ரிப்பன். ஆட்டம் முழுவதையும் எடுத்ததாக நினைத்துக்கொண்டு என் பிள்ளையின் தலையை எடுத்திருக்கிறேன். அந்தத் தலைக்கு மேலே ஒரு மூலையில் சில கால்கள் ஓடின. நாராயணன் மாமா போனைச் சரித்துப் பார்த்தார். தானும் சரிந்து பார்த்தார். தேவதாசன் அண்ணாச்சி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை தலையைக் கொஞ்சம் தாழ்த்தினா தெரியும்,” என்றார் நாராயணன் மாமா.

“எப்பிடித் தாழ்த்தும்வே? வீடியோல்லா,” என்றார் தேவதாசன் அண்ணாச்சி. தோரணம் அறுந்த நாளுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

நடுசென்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நாராயணன் மாமாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“வீடியோ வேண்டாம். அது பெனால்டின்னா நீரே ஊதும். நான் மாத்தித் தாறேன். ஆனா விழுந்தவன் மூஞ்சியைப் பாத்துட்டு ஊதும்.”

நாராயணன் மாமா விசிலை வாய்வரை கொண்டுபோனார். சுபினைப் பார்த்தார். சுபின் தரையைப் பார்த்தான்.

“லேய், அவன் காலு பட்டுச்சா?”

சுபின் சட்டை மண்ணைத் தட்டினான். “இல்ல மாமா. நான் சும்மா விழுந்ததுதான்.” பிறகு, யாரிடமோ நியாயம் கேட்பது மாதிரி, “எப்பவும் தருவாருல்லா, அதான்,” என்றான்.

நாராயணன் மாமா விசிலைத் தன் துண்டில் துடைத்தார். வாயில் வைக்காத விசிலை எதற்குத் துடைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “விழுறதுக்கா உனக்கு பூட்ஸு வாங்கித் தந்தேன்,” என்று சுபினை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார். கூட்டம் அவர் பின்னால் போனது. மேற்கில் சிலர் வெடியோடு கோவில் பக்கம் கிளம்பினார்கள். நடுசென்டர் அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய், முதலில் நின்ற தேவதாசன் அண்ணாச்சிக்கு மஞ்சள் கார்டு காட்டினார்.

“ஜெயிச்சா வீட்டுக்குப் போவணும்.”

கோயில்பிள்ளை ஒருவர் ஆட்டம் முடிந்தபிறகு கார்டு வாங்கியது எங்கள் தெருவில்தான் நடந்திருக்கும். அவர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று கல் எதுவும் விழவில்லை.

ஆனால் அதன்பிறகு கிழக்கு அவரோடு பேசவில்லை. நாராயணன் மாமா கடையில் கேட்டதை எடுத்துக் கொடுப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். கார்த்திகைக்குக் கொழுக்கட்டை வரவில்லை. கிழக்கிலிருந்து வராததால் மேற்கின் கேக்கையும் அவர் வாங்கவில்லை. வியாதி முழுதாகக் குணமாகிவிடவில்லை. வேலைக்குப் போவார், வருவார், படியில் உட்கார்ந்திருப்பார். விசில் பஸ்ஸில் மட்டும்தான் ஒலித்தது. “என்னைய இனி கூப்பிடமாட்டாவ தங்கச்சி. கூப்பிடாண்டாம். ஒரு தடவையாவது நேர ஊதியாச்சு,” என்றார் ஒருநாள். சொன்ன குரலில் நிம்மதி இருந்தது. முகத்தில் இல்லை.

அடுத்த பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு காலையில் நாராயணன் மாமா கிழக்குப் பையன்களோடு அவர் வீட்டு முற்றத்துக்கு வந்தார். அதே நேரத்தில் மேற்கிலிருந்து தேவதாசன் அண்ணாச்சி தன் பையன்களோடு வந்தார். ஒருவர் வருவது ஒருவருக்குத் தெரியாது. இரண்டு கூட்டமும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

தேவதாசன் அண்ணாச்சிதான் கேட்டார். “நீரு எதுக்குவே வந்தீரு? உங்களுக்கு எதிரால்லா ஊதினாரு?”

“அதுக்குத்தான் கூப்பிட வந்தேன்,” என்றார் நாராயணன் மாமா. “எங்களுக்கு எதிரா நேர ஊதின ஆளு, உங்களுக்கு எதிராவும் நேரத்தான் ஊதுவாரு. இந்த வருசம் நாங்க விழமாட்டோம். பாத்துக்கிடும்.”

ஒரு தெருவைப் பற்றிக் கர்வப்பட முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அது என் சொந்த ஊரும் இல்லை. அனுவைக் கூப்பிட்டு, “பாரு, நல்லாப் பாரு,” என்றேன். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

நடுசென்டர் வாசலில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். சரோஜம் அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

“இப்ப வருவாவ. மூஞ்சி கழுவுதாவ.”

உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. முற்றத்தில் நின்ற யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை. எங்காவது குழாய் திறந்து கிடந்தால் பதறி ஓடுகிறவள் நான். அன்று எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும் என்றிருந்தது.